எந்த நூல், எப்போது பிரிப்பது: சீட்டில் ஒரு வரி வேண்டும்

அறுவை சிகிச்சை முடிந்து நோயாளி வார்டுக்குத் திரும்பியதும், உடனிருக்கும் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. "எத்தனை தையல் போட்டிருக்கிறீர்கள்?" என்பது முதலாவது. "கரைகிற தையல்தானே?" என்பது இரண்டாவது. தையலின் எண்ணிக்கை தெரிந்தால் அறுவையின் பெருமளவு விளங்கிவிடும் என்பது பொதுவான எண்ணம். இரண்டாவது கேள்விக்குள் ஓர் எதிர்பார்ப்பும் இருக்கிறது. கரையும் நூல் உயர்ந்தது, விலை கூடியது. பிரிக்க வேண்டிய நூல் பழையது, மலிவானது என்று பலர் நம்புகின்றனர்.

இவ்விரு கேள்விகளும் இயல்பானவையே. ஆயினும் இவற்றுக்குக் கிடைக்கும் விடையை வைத்துக்கொண்டு வீட்டில் எவரும் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. வீட்டுக்குச் சென்றபின் உண்மையில் தேவைப்படும் விவரம் வேறு. எந்த இடத்தில் எந்த நூல் இடப்பட்டிருக்கிறது, அதில் வெளியே பிரிக்க வேண்டியது எது, எந்த நாளில் பிரிக்க வேண்டும் என்பவையே அவ்விவரங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை ஒரே வரியில், எளிய தமிழில் எழுதப்பட வேண்டும். எழுதப்படாவிடில் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. இதுவே இவ்விதழில் நாங்கள் முன்வைக்க விரும்பும் கருத்து. அந்த ஒரு வரி ஏன் இத்துணை முக்கியம் என்பதை உணர, தையல் நூலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

நூலின் வேலை எதுவரை?

காயத்தை ஆற்றுவது நூல் அன்று, உடல்தான் ஆற்றுகிறது. வெட்டப்பட்ட இரு விளிம்புகளையும் அசையாமல் சேர்த்துப் பிடித்திருப்பது மட்டுமே நூலின் பணி. தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ இரண்டு நாள்களில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் மூன்றாம் நாள் பார்க்கும்போதே காயம் மூடிவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் அடியில் உள்ள வலிமை அத்தனை விரைவில் வருவதில்லை. ஒரு வாரத்தில் காயத்தின் வலிமை, வெட்டுப்படாத தோலின் வலிமையில் பத்தில் ஒரு பங்கை எட்டினாலே பெரிது. ஆறு வாரத்தில் ஏறக்குறைய பாதி வருகிறது. மூன்று மாதங்களுக்குப் பின்னரும் அது முன்பிருந்த வலிமையில் 80 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை.

எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் ஆறுவதும் இல்லை. சிறுநீர்ப்பையும் குடலும் விரைவில் ஆறுகின்றன. தோல் அதற்குச் சற்றுக் கூடுதலாகக் காலம் எடுத்துக்கொள்கிறது. வயிற்றுத் தசைகளைச் சுற்றியுள்ள உறுதியான உறையும், தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாணும் மாதக்கணக்கில் ஆறுபவை. நூல் தேர்வின் அடிப்படை விதி இதிலிருந்தே பிறக்கிறது: திசு தன் காலில் நிற்கும் வரை நூல் தன் வலிமையை இழக்கக் கூடாது, அதன்பின் தேவையின்றி அங்கே தங்கி இடையூறு செய்யவும் கூடாது.

நூல்களின் வகைகள்

காயத்தைத் தைப்பது நம் நாட்டில் தொன்மையான கலை. சுசுருத சம்ஹிதை மரப்பட்டை நார், சணல் நூல், முடி முதலியவற்றைத் தையலுக்குரியனவாகக் குறிப்பிடுகிறது. கிழிந்த குடலின் விளிம்புகளைப் பெரிய எறும்புகளைக் கடிக்கவிட்டு இணைக்கும் முறையும் அந்நூலில் உண்டு. ஐரோப்பாவில், 1867இல் கிருமிநாசினி முறையை வெளியிட்ட ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் பதப்படுத்திய குடல் நூலைப் பயன்படுத்தினார். நூலும் கிருமியற்றதாக இருக்க வேண்டும் என்ற உணர்வு அதன்பின்னரே வேரூன்றியது. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட கரையும் நூல்கள் 1970களில் புழக்கத்துக்கு வந்தன.

இன்று அறுவை அரங்கில் உள்ள நூல்களை இரண்டு கேள்விகளால் பிரித்துவிடலாம். முதற்கேள்வி, அது உடலுக்குள் கரையுமா, கரையாதா என்பது. இரண்டாவது, அது ஒற்றை இழையா, பல இழைகளைப் பின்னியதா என்பது.

கரையும் நூல்களில் மூத்தது கேட்கட். பெயரில் பூனை ஒலித்தாலும் பூனைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆடு, மாடு ஆகியவற்றின் குடலிலிருந்து எடுக்கப்படுவது இது. சாதாரண கேட்கட் ஏழு முதல் பத்து நாள்களில் வலிமை இழக்கும். குரோமிய உப்பில் பதப்படுத்தியது இரண்டு, மூன்று வாரம் தாங்கும். உடலின் நொதிகள் இதைச் செரித்துக் கரைப்பதால், அவ்விடத்தில் சிறிது அழற்சி ஏற்படுவது உண்டு. மாட்டுப் பொருள் என்பதாலோ, விலங்குப் பொருள் எதுவுமே வேண்டாம் என்ற நெறியாலோ இதை ஏற்க விரும்பாதவர்கள் இருக்கலாம். அவர்கள் அறுவைக்கு முன்பே தயங்காமல் சொல்லிவிட வேண்டும். மாற்று நூல்கள் உள்ளன.

செயற்கையான கரையும் நூல்களில் பெரிதும் பயன்படுவது பாலிகிளாக்டின். பில்லில் 'வைக்ரில்' என்ற வணிகப் பெயரில் பலர் இதைக் கண்டிருப்பீர்கள். இது நொதிகளால் அன்றி, உடலில் உள்ள நீரால் மெல்லச் சிதைகிறது. ஆகவே அழற்சி குறைவு. இரண்டு வாரத்தில் இதன் வலிமையில் ஏறத்தாழ முக்கால் பங்கு எஞ்சியிருக்கும். மூன்று வாரத்தில் பாதி. நூல் முற்றாக மறைய இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். பாலிடையாக்ஸனோன் என்னும் நூல் இதனினும் மெதுவானது. ஏறத்தாழ ஆறு வாரம் காயத்தைத் தாங்கி, ஆறு ஏழு மாதங்களில் மறையும்.

ஒரு நூல் வலிமை இழப்பதும், அது கண்ணுக்குத் தெரியாமல் மறைவதும் ஒன்றல்ல என்பது இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. "பத்து நாளாகியும் கரையவில்லையே" என்று கவலையுடன் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோர் உண்டு. நூல் தன் வேலையை முடித்த பின்னும் பல வாரங்கள் உடலில் இருப்பது இயல்பே.

கரையாத நூல்களில் நைலான், பாலிபுரோப்பிலீன், பாலியெஸ்டர், எஃகுக் கம்பி ஆகியவை முதன்மையானவை. பட்டு நூலும் கரையாத வகையிலேயே சேர்க்கப்படுகிறது. ஆனால் அதுவும் உடலுக்குள் ஓராண்டுக்குள் வலிமையில் பெரும்பகுதியை இழந்து, காலப்போக்கில் சிதைந்துவிடும். கரையாத நூல் தோலின் மேல் இடப்பட்டால் பிரிக்கப்பட வேண்டும். உள்ளே இடப்பட்டால் வாழ்நாள் முழுதும் அங்கேயே இருக்கும். அது மறந்து விடப்பட்டதன்று, வேண்டுமென்றே விடப்பட்டது.

இனி இழையைப் பற்றி. பின்னிய நூல் கைக்கு இசைவானது, முடிச்சு நழுவாது. ஆனால் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் கிருமிகள் தங்கிவிட இடமுண்டு. ஒற்றை இழை நூல் வழுவழுப்பானது. கிருமிகள் ஒளிய இடம் குறைவு. ஆனால் சுருண்டிருந்த வடிவத்தை அது எளிதில் விடுவதில்லை, முடிச்சும் நழுவக்கூடும். ஆகவே கூடுதல் சுற்றுகள் தேவை. ஒன்றில் உள்ள நன்மை மற்றொன்றில் இல்லை. குறையற்ற நூல் என்று இதுவரை எதுவும் கிடையாது.

நூலின் பருமன் எண்ணால் குறிக்கப்படுகிறது. 2-0, 3-0, 4-0 என்று எண் கூடக்கூட நூல் மெலிகிறது. வயிற்றுறையைத் தைக்கும் தடித்த நூலும், கருவிழியைத் தைக்கும் 10-0 நூலும் ஒரே குடும்பம்தான். ஆனால் 10-0 நூலின் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் இரண்டு மூன்று பங்கு மட்டுமே. அதை நுண்ணோக்கி வழியே பார்த்துத்தான் தைக்க முடியும்.

இடமே நூலைத் தேர்ந்தெடுக்கிறது

நூலை மருத்துவரின் விருப்பம் தீர்மானிப்பதைக் காட்டிலும், தைக்கப்படும் இடமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சில எடுத்துக்காட்டுகள் இதை விளக்கும்.

சிறுநீர்ப்பை, சிறுநீர்க் குழாய், பித்தக் குழாய் ஆகியவற்றில் கரையும் நூலே பொருத்தமானது. கரையாத நூல் அங்கே தங்கினால், அதைச் சுற்றி உப்புகள் படிந்து கல் உருவாகக்கூடும். இரத்தக் குழாய்களை இணைக்கும்போதோ நிலைமை நேர் எதிரானது. அங்கே பாலிபுரோப்பிலீன் போன்ற கரையாத நூல் வாழ்நாள் முழுதும் பிடித்திருக்க வேண்டும். இதய அறுவைக்குப் பின் நெஞ்செலும்பை எஃகுக் கம்பியால் கட்டுகிறோம். பல ஆண்டுகளுக்குப் பின் எடுக்கும் மார்பு எக்ஸ்-ரேயிலும் அக்கம்பிகள் வளையங்களாகத் தெரியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் மட்டும் அங்குள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முகத்தில் மெல்லிய ஒற்றை இழை நூலால் தைத்து, விரைவில் பிரித்துவிடுவது வழக்கம். தழும்பு குறைய அது உதவும். சிறு குழந்தைகளுக்குத் தையல் பிரிப்பதே பெருந்துன்பம். ஆகவே விரைவில் கரையும் நூலோ, இழுவிசை இல்லாத சிறு காயமெனில் தோல் பசையோ ஏற்றது. தலைக் காயங்களுக்கு ஸ்டேப்ளர் பின்கள் விரைவான வழி.

தைக்காமல் விடுவதே சிறந்த தேர்வாகும் இடங்களும் உண்டு. நாய்க்கடிக் காயத்தை உடனே தைத்து மூடுமாறு உறவினர்கள் வற்புறுத்துவது வழக்கம். அக்காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவதும், தடுப்பூசி இடுவதும், தேவையான காயங்களில் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்துவதும்தான் உயிர் காப்பவை. தையலைக் கூடியவரை தவிர்ப்பதோ தள்ளிப்போடுவதோ நல்லது; தவிர்க்கவே முடியாவிடில், இம்யூனோகுளோபுலின் செலுத்திய பின்னரே தளர்வாகத் தைக்க வேண்டும். இவ்வாறே சீழ் பிடித்த காயத்தையும், மண்ணும் அழுக்கும் நிறைந்த விபத்துக் காயத்தையும் திறந்தே வைத்து, சில நாள் கழித்து மூடுவதுண்டு. அது அலட்சியம் அன்று.

மேலும், ஓர் அறுவையில் ஒரே நூல் பயன்படுவது அரிது. சிசேரியனை எடுத்துக்கொள்வோம். கருப்பைக்குக் கரையும் நூல். வயிற்றுறைக்கு மெதுவாகக் கரையும் நூலோ வேறு வலிய நூலோ. தோலுக்கு, பிரிக்க வேண்டிய நைலானோ, தோலுக்கடியில் ஓடும் கரையும் நூலோ. ஆகவே "கரைகிற தையலா?" என்று கேட்டால், "உள்ளே கரையும், வெளியே பிரிக்க வேண்டும்" என்பதே பலவேளைகளில் உண்மையான விடை. இவ்விடையின் முற்பாதி மட்டும் காதில் விழுந்து, பிற்பாதி மறந்துபோவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தொல்லைக்குத் தொடக்கம்.

விலை தரத்தைச் சொல்லுமா?

விலை கூடிய நூல் நல்ல நூல் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய அளவில் நடந்த ஆய்வுகள் இதற்கு ஒரே மாதிரியான விடை தரவில்லை.

டிரைக்ளோசான் என்னும் கிருமிநாசினி பூசப்பட்ட நூல்கள் சந்தையில் உள்ளன. காயத்தில் தொற்றைக் குறைக்க இவற்றைப் பயன்படுத்தலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் நிபந்தனையுடன் பரிந்துரைத்தது. பின்னர், இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் ஏறத்தாழ 5,800 வயிற்று அறுவை நோயாளிகளிடம் ஃபால்கன் என்னும் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவு 2021இல் வெளிவந்தது. பூசிய நூல், பூசாத நூலைவிடத் தொற்றைக் குறைத்ததாக அதில் நிறுவப்படவில்லை.

சிசேரியன் முறைகளை ஒப்பிட்ட கொரோனிஸ் ஆய்விலும் இந்தியா பங்கேற்றது. 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இடம்பெற்றனர். கருப்பையைக் குரோமியக் கேட்கட்டால் தைத்தாலும், பாலிகிளாக்டினால் தைத்தாலும், அவ்வாய்வு முதன்மையாக அளவிட்ட விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் சுகப்பிரசவத்தின்போது பிறப்புறுப்பை ஒட்டி ஏற்படும் கிழிசலுக்குச் செயற்கைக் கரையும் நூலே நல்லது. கேட்கட்டைவிட அது குறைந்த வலியைத் தருகிறது என்பது பல ஆய்வுகளின் தொகுப்பில் தெளிவாகியுள்ளது. அதே இரு வகை நூல்கள்தாம். ஓரிடத்தில் வேறுபாடு இல்லை, மற்றோரிடத்தில் உண்டு.

இன்னொன்று. நூலைவிடத் தைக்கும் முறை முக்கியமாவதும் உண்டு. நெதர்லாந்தில் 560 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுறையை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தைத்தவர்களில் 21 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் அறுவைத் தழும்பில் குடலிறக்கம் ஏற்பட்டது. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகத் தைத்தவர்களில் அது 13 விழுக்காடு. இரு சாராருக்கும் ஒரே வகை நூல்தான். நெருக்கமாகத் தைத்தவர்களுக்கு மெல்லிய அளவு பயன்பட்டது. "எத்தனை தையல்?" என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. தையல் கூடுவது காயம் பெரிது என்பதற்கு அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. கவனமான வேலைக்கு அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆகவே, "விலை உயர்ந்த நூலையே போடுங்கள், செலவைப் பற்றிக் கவலையில்லை" என்று கடன் வாங்கியாவது கேட்கும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது: அந்தப் பணத்தை நோயாளியின் உணவுக்கும், மறுபரிசோதனைக்கு வந்து செல்லும் செலவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடிய நூல்தான் பொருத்தமானது எனில் அதற்கான காரணத்தைச் சொல்வது மருத்துவரின் கடமை. காரணம் கேட்பதை எந்த மருத்துவரும் அவமதிப்பாகக் கருதக் கூடாது.

பிரிக்கும் நாள்

தோலில் இட்ட தையலைப் பிரிக்கும் நாளும் இடத்துக்கு இடம் மாறும். பொதுவாக முகத்தில் மூன்று முதல் ஐந்து நாள். தலையிலும் உடற்பகுதியிலும் கைகளிலும் ஏழு முதல் பத்து நாள். கால்கள், மூட்டுகள், முதுகு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றில் பத்து முதல் பதினான்கு நாள். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள், ஊட்டம் குன்றியவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்குக் காயம் ஆறுவது தாமதப்படும். அவர்களுக்குச் சில நாள் கூட்டித் தருவது உண்டு. இவை பொதுவான அளவுகள் மட்டுமே. உங்கள் காயத்துக்குரிய நாளை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

உரிய நாளுக்கு முன் பிரித்தால் காயம் விரியலாம். மிகவும் தாமதித்தால் நூலைச் சுற்றித் தோல் வளர்ந்து, நூல் உள்ளே புதைந்துவிடும். ஊசித் துளைகள் தண்டவாளம் போன்ற தழும்பாக நிலைத்துவிடும். துளைகளின் வழியே தொற்றும் ஏற்படலாம்.

இங்கேதான் அந்த ஒரு வரியின் தேவை வெளிப்படுகிறது. அறுவை நடந்த ஊர் ஒன்று. வீடு இருக்கும் ஊர் வேறு. பேருந்தில் பல மணி நேரம் பயணம் செய்து, ஒரு நாள் கூலியையும் இழந்து, தையல் பிரிப்பதற்காக மட்டும் மீண்டும் வருவது பலருக்கு இயலாத செயல். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, தெருமுனை மருத்துவரிடமோ பிரித்துக்கொள்வதே நடைமுறை. அங்குள்ள செவிலியர் சீட்டை வாங்கிப் பார்க்கிறார். செய்யப்பட்ட அறுவையின் பெயர், மருந்துகளின் பெயர், பரிசோதனை முடிவுகள் எல்லாம் இருக்கின்றன. தையலைப் பற்றி எதுவும் இல்லை. வெளியே தெரியும் நூல் கரைவதா, பிரிப்பதா? தொடர் தையலா, தனித்தனியா? உள்ளே இழுத்துக் கட்டிய முனை எது? ஊகத்தின் பேரில் செய்வதைக் காட்டிலும், "அறுவை செய்த இடத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் திருப்பி அனுப்புவது நேர்மையான செயலே. ஆனால் அதன் சுமை முழுவதும் நோயாளியின் தலையில் விழுகிறது. இன்னொரு புறம், "கரைகிற தையல்" என்று எவரோ சொன்னதாக நம்பி, வாரக்கணக்கில் நைலான் நூலுடன் இருந்துவிட்டு, சீழ் கோத்தபின் வருவோரும் உளர்.

நாங்கள் கோரும் வரி

எங்கள் கோரிக்கை பெரிதன்று. ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் கீழ்க்கண்டது போன்ற ஒரு வரி இருக்க வேண்டும்:

"வயிற்றின் வெளித்தோலில் நைலான் நூலால் 12 தனித்தனித் தையல்கள், அறுவையிலிருந்து 10ஆம் நாள் பிரிக்க வேண்டும். உள்ளே உள்ளவை கரையும் நூல்கள்; பிரிக்க வேண்டியதில்லை."

இவ்வளவே. பிரிக்க வேண்டிய நாளை எண்ணாக மட்டும் எழுதாமல் தேதியாகவும் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. பத்து நாளை அறுவை நாளிலிருந்து எண்ணுவதா, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவதா என்ற குழப்பமும் நீங்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவன சிலவற்றை நாங்கள் அறிவோம். வேலைப்பளு மிகுந்த வார்டில் இன்னொரு வரி எழுத நேரம் ஏது என்பர். அறுவைக் குறிப்பில் நூலின் பெயர் எப்படியும் எழுதப்படுகிறது. அதை நோயாளியின் சீட்டுக்கு மாற்ற அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம், வேறோர் ஊரில் ஒரு செவிலியரின் தயக்கத்தையும் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பயணத்தையும் மிச்சப்படுத்தும். நூலின் பெயர்களைச் சொன்னால் நோயாளிகள் குழம்பிப்போவர் என்பர் வேறு சிலர். வேளைக்கு எத்தனை மாத்திரை, உணவுக்கு முன்னா பின்னா என்று நினைவில் வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு, எந்தத் தையலை எப்போது பிரிப்பது என்பது விளங்காமற் போகாது. விளங்காத மொழியில் எழுதுவதே குழப்பம் தருவது.

நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் நோயாளிக்கே தந்துவிடலாமே என்று கேட்போர் இருக்கலாம். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. காயத்தைத் திறந்து பார்த்தபின் திட்டமிட்ட நூலை மாற்ற நேர்வதுண்டு. அம்முடிவு அறுவை அரங்கில் இருப்பவருக்கே உரியது. ஆனால் அம்முடிவுக்கு உதவும் செய்திகள் நோயாளியிடம் உள்ளன. முன்பு ஏற்பட்ட காயத்தில் தழும்பு தடித்துக் கெலாய்டாக வளர்ந்ததா, முன்பு இட்ட தையலில் ஒவ்வாமை ஏற்பட்டதா, விலங்குப் பொருளில் மறுப்பு உண்டா, மறுபடி வந்து பிரித்துக்கொள்ள இயலுமா என்பவற்றை அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். கடைசியாகக் குறிப்பிட்டதைச் சிறிய செய்தி என்று எண்ண வேண்டாம். மீண்டும் வர இயலாதவர் என்று தெரிந்தால், மருத்துவக் காரணம் தடுக்காதபோது, தோலுக்குக் கரையும் நூலைத் தேர்ந்தெடுக்க முடியும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

உடனிருந்து பார்த்துக்கொள்வோர் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும். காயத்தின்மேல் மஞ்சள், சாம்பல், எண்ணெய் முதலியவற்றைத் தடவ வேண்டாம். பிளேடு கொண்டு வீட்டிலேயே தையலைப் பிரிக்க வேண்டாம். பல வாரங்களுக்குப் பின் கரையும் நூலின் முனை ஒன்று தோலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பதுண்டு. அதைப் பிடித்து இழுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தையல் பிரித்துவிட்டார்கள் என்பதால் காயம் முழு வலிமை பெற்றுவிட்டதாகக் கருதி, குடம் தூக்குவதும் மூட்டை சுமப்பதும் கூடாது. வயிற்று அறுவைக்குப் பின் பளு தூக்கத் தொடங்கும் நாளையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, விளிம்பில் பரவும் சிவப்பு, சீழ், துர்நாற்றம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பிரிக்கும் நாள் வரை காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். வயிற்று அறுவைக்குப் பின்னான முதல் இரண்டு வாரத்தில், காயத்திலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் நீர் திடீரெனக் கசிந்து கட்டை நனைத்தால், உள்ளே உள்ள தையல் விட்டுப்போயிருக்கக்கூடும். வலி இல்லாவிடினும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்கு வாருங்கள். வெளித்தோலின் தையல் சரியாக இருக்கிறதே என்று காலம் தாழ்த்த வேண்டாம்.

ஆகவே, வீட்டுக்குப் புறப்படும் நாளில், மருந்துப் பையைச் சரிபார்ப்பதைப் போலவே சீட்டில் தையலைப் பற்றிய வரி உள்ளதா என்றும் பாருங்கள். இல்லையெனில் வார்டுச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள்: "வெளியே உள்ள தையல் என்ன நூல்? எந்தத் தேதியில் பிரிக்க வேண்டும்? எங்கள் ஊரிலேயே பிரித்துக்கொள்ளலாமா? உள்ளே நிலையாக இருக்கப்போவது ஏதேனும் உண்டா?" இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதித் தரப்படும் வரை நீங்கள் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. அவ்வாறு கேட்பவரைத் தொல்லை தருபவராக நாங்கள் கருதுவதில்லை. சிகிச்சையின் கடைசிப் பகுதியை எங்களிடமிருந்து பொறுப்புடன் ஏற்றுக்கொள்பவராகவே கருதுகிறோம்.